மெதுவான ரீலைத்தான் வைத்திருக்கிறேன்

தம்பி,

பெட்டியைத் திறந்ததும் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். நீ கேட்டது ஆறேகால் என்று எழுதியிருக்கும் வேகமான தூண்டில் ரீல். இதற்குள் இருப்பது நாலேமுக்கால். அதுவும் ஒருவர் பாவித்தது. ஓரத்தில் கீறலும் இருக்கிறது. நேரே கடைக்கு வந்து கண்ணாடி அலுமாரியைத் திறந்து மாற்றி எடுப்பதற்கு முன்னர், இதை ஒருதரம் வாசித்து முடி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிக்கலாம். முகத்தைப் பார்த்துக் கதைத்தால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கோபம் வந்தால் நீ டேனிஷுக்கு மாறிவிடுவாய், நான் மன்னார்க் கடற்கரைப் பேச்சுக்குத் திரும்பிவிடுவேன், அம்மா குசினியிலிருந்து வந்து இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் எழுதுகிறேன்.

இது ரீல் பற்றிய வாக்குவாதம் மட்டும் என்றால் நீ கேட்டதையே தந்து அனுப்பியிருப்பேன். புதன்கிழமை நீ கனடாவுக்குப் பறக்கிறாய். உனக்குப் பேசியிருக்கும் ஜெசிந்தாவின் அப்பா அங்கே ஏரிக்கரையில் படகுகளை வாடகைக்கு விடுகிறார். கலியாணம் முடிந்த கையோடு நீ அவருடைய படகில் நின்று, வருகிற ஆட்களுக்கு மஸ்கி என்ற அந்தப் பெரிய மீனைப் பிடிக்க வழிகாட்ட வேண்டும். நீ சின்னவனாக இருந்தபோது இங்கத்தைய ஏரி மீனுக்கு வாத்துவாயன் என்று பெயர் வைத்தாயே, மஸ்கி அந்த வாத்துவாயனின் பெரியப்பா என்று நீயே சொன்னாய். போன மாதம் அவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார். "இஞ்சை நாள் முழுக்க எறியவேணும் அண்ணை. மாப்பிள்ளைக்கு ஏலும்தானே?" நான் யோசிக்கவேயில்லை. "அவன் துறைமுகத்திலை வளந்த பெடியன், அதெல்லாம் பிரச்சினையில்லை" என்றேன். உன் வலது மணிக்கட்டுக்குள் ஒரு தகடு இருப்பது அவருக்குத் தெரியாது. ஜெசிந்தாவுக்கும் தெரியாது. இந்த மௌனத்தோடு நீ விமானம் ஏறக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு எழுத்தும்.

முதலில் ரீலைப் பற்றிப் பேசுவோம். எனக்கு அது சுலபம். கைபிடியை ஒருதரம் சுற்றினால் நூல் உருளை எத்தனை தரம் சுழலும் என்பதுதான் பெட்டியில் இருக்கும் எண். ஆறேகால் என்றால் ஒரு சுற்றுக்கு நிறைய நூல் வரும். நாலேமுக்காலில் குறைவாக வரும். இதைக் கேட்கிற எவனும் ஆறேகாலைத்தான் கேட்பான். ஆனால் உனக்கு நான் வாங்கித் தந்த மூன்று கியர்ச் சைக்கிளை நினைத்துப் பார். இந்த எஸ்பியர்க் ஊரில் மேடு கிடையாது, கடல் காற்றுத்தான் இங்கே மேடு. அந்தக் காற்றுக்கு எதிராகத் துறைமுகத்துக்குப் போகும்போது நீ பாரமான கியரிலேயே எழும்பி நின்று மிதிப்பாய். உன் வகுப்புப் பிள்ளைகள் சின்னக் கியரில் இருந்தபடியே, கதைத்துக்கொண்டு உன்னைக் கடந்து போவார்கள். நீ வீட்டுக்கு வந்து, அவர்களுடைய சைக்கிள் நல்ல சைக்கிள் என்று சொல்வாய்.

மஸ்கிக்கு எறியும் பொய்மீன் ஒரு சாணுக்கும் மேலே நீளமான மரக்கட்டை. அதன் வாயில் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கிறது. இழுக்க இழுக்க அந்தத் தகடு தண்ணீரைக் கிண்டிக்கொண்டு கீழே போகும். வாளியை ஏரிக்குள் பக்கவாட்டில் போட்டு இழுப்பதுபோலத்தான் அது. அந்தப் பாரம் முழுவதும் கைபிடியைப் பிடித்திருக்கும் மணிக்கட்டில் வந்து நிற்கும். வேகமான ரீல் ஒவ்வொரு சுற்றிலும் அதிக தூரம் இழுக்கச் சொல்லும், அந்தளவுக்குக் கையிடம் கூலியும் கேட்கும். மெதுவான ரீல் அதே வேலையைப் பல சின்னச் சுற்றுகளாகப் பிரித்துத் தரும்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் ஏன் வருடக்கணக்காக வேகமான ரீலை விற்றார் என்று நீ கேட்பாய். விற்றேன், ஏனென்றால் கடைக்குள் தண்ணீர் இல்லை. வாங்க வருகிறவன் ரீலைக் கையில் எடுத்துக் காற்றில் சுற்றிப் பார்க்கிறான். விர் என்று சுழன்றால் முகம் மலர்கிறது. இப்போது ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருக்கும் பெடியன்கள், குளிருக்கு ஒதுங்கவாவது கடைக்கு வந்து நிற்கிறார்கள். அவர்களில் ஒருவன் போன கிழமை இரண்டு கையிலும் இரண்டு ரீலை வைத்துச் சுற்றிக் காட்டி, "அண்ணை, இது பறக்குது. மற்றது கிழவன் நடக்கிறமாதிரி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு பறப்பதைக் கட்டிக் கொடுத்தேன்.

எங்கள் கடற்கரை ஆட்களுக்கு இந்தப் பிழை இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. கைநூல் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தடி கிடையாது, ரீல் கிடையாது. மீன் கொத்தினால் கை மாற்றி கை மாற்றி, ஒவ்வோர் இழுவைக்கும் ஒரு பாக நூல், இரண்டு கையையும் விரித்த நீளம், வள்ளத்துக்குள் விழ வேண்டும். சுணங்கினால் பக்கத்து வள்ளத்துக்காரன் விடமாட்டான். "என்ன, மீன் தானா ஏறி வருமெண்டு இருக்கிறியோ?" என்று கரை வரும்வரை கேட்டுக்கொண்டே வருவான். வேகமாக இழுப்பவனுக்குத்தான் மரியாதை, வேகமாக இழுப்பவனுக்குத்தான் பெண்ணும் கொடுப்பார்கள். கப்பலில் கூலியாக வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கி, சைக்கிள் பெட்டியில் தூண்டில்முள் விற்று, பிறகு சந்தையில் மேசை போட்டு, பிறகு இந்தக் கடையைப் பிடித்தேன். தொழிலில் எத்தனையோ மாறினாலும் அந்த ஒரு நினைப்பு என்னோடு கடல் தாண்டி வந்துவிட்டது. அதை உனக்கும் தந்தேன். நீ ஆறேகாலைக் கேட்பதில் என்ன ஆச்சரியம்?

இனி ஏரிக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூசை முடிந்து, உடுப்பு மாற்றி, காரில் போனோமே, அந்த நாள். கனடாவுக்கு முன்னர் ஒத்திகை பார்ப்போம் என்று நீதான் சொன்னாய். மிகப் பெரிய மரமீனை நீ பூட்டினாய், வேகமான ரீலையும் நீதான் எடுத்தாய். காலையில் அழகாக எறிந்தாய். பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பெருமையாக இருந்தது. மத்தியானம் ஆக ஆக உன் சுற்று மாறிக்கொண்டு வந்தது. முதலில் விரலால் பிடித்த கைபிடியைப் பிறகு முழுக் கையாலும் பொத்திப் பிடித்தாய். பிறகு மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து சுற்றினாய். ஆழத்தில் போக வேண்டிய மரமீன் வேகம் குறைந்து மேலே மிதந்து வந்தது. நான் துடுப்பைப் போட்டுப் படகை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் படகுக்குப் பக்கத்தில் வாத்துவாயன் அடித்தான். நீ ஒரு சுற்றுச் சுற்றினாய், கை நின்றுவிட்டது. அடுத்து நீ செய்தது எனக்கு மறக்காது. தடியைக் காலடியில் போட்டுவிட்டு இடது கையால் நூலைப் பிடித்து, கையிலே சுற்றிச் சுற்றி இழுத்தாய். டென்மார்க் ஏரியின் நடுவில் எங்கள் கடற்கரைக்காரன் ஒருவன் எழும்பி நின்றதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரியாதையுங்கோ அப்பா, வலையைப் பிடியுங்கோ."

"உவ்வளவு விலைக்கு ரீல் வாங்கி, கடைசியிலை கையாலையோ இழுக்கிறாய்?"

"உங்கடை ரீல்தான் இறுகிப்போச்சு. உள்ளுக்கை ஏதோ பல்லுக் கடிக்குது."

"கை நோகுதோ?"

"இல்லை எண்டுறன். ரீல்தான்."

மீன் வலைக்கு ஒரு சாண் முன்னால் துள்ளிக் கழன்று போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வலது கையை ஜாக்கெட் பைக்குள் வைத்திருந்தாய்.

அடுத்த நாள் கடையைப் பூட்டியபின் அந்த ரீலைக் கழற்றினேன். என் கடைச் சாமானில் பிழை என்றால் எனக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பற்சில்லையும் துணியில் துடைத்து, கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மணல் இல்லை. தேய்வு இல்லை. எண்ணெய் அப்படியே இருந்தது. திருப்பிப் பூட்டிச் சுற்றினேன். வெண்ணெயில் கத்தி போவதுபோலச் சுற்றியது. அந்த நேரம் எனக்குப் பல்லுக் கடித்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை.

"இஞ்சாருங்கோ, நீங்கள் இப்பதான் கண்டனீங்களோ? மாரி துடங்கினதிலை இருந்து அவன் காலமைச் சாப்பாட்டுப் பாணை இடக்கையாலை வெட்டுறான்."

"ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன செய்வியள்? அந்தக் கையைப் பொக்கெற்றுக்கை வைக்கச் சொன்னது ஆர்?"

அவ சொன்னது எந்தப் பொக்கெற் என்று உனக்கும் தெரியும். மீன் ஆலை முற்றத்தில், பனிக்கட்டியில் பெட்டியோடு வழுக்கி விழுந்து நீ கையை முறித்த மாரிக்கு அடுத்த வருடம், ஜெசிந்தா வீட்டார் படம் கேட்டார்கள். கோட்டுப் போட்டு, படம் எடுக்கும் கடையில் நிற்பாட்டினோம். ஒப்பரேஷன் செய்த தழும்பு சட்டைக் கைக்கு வெளியே தெரிந்தது. "பொக்கெற்றுக்கை வை தம்பி, அது ஸ்டைலாவும் இருக்கும்" என்று நான்தான் சொன்னேன். படம் நன்றாகவே வந்தது. அங்கே எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. எங்கள் ஆட்களின் வழக்கம் இது. காய்ச்சல், முறிவு, இழுப்பு எதுவாக இருந்தாலும் சம்பந்தம் பேசும் வீட்டுக்குள் போகக் கூடாது, தாலி ஏறியபின் மெல்லமெல்ல வெளியே வரலாம் என்று நினைப்போம். டாக்டர் உனக்கு என்ன சொன்னார்? கை வேலை செய்யும், ஆனால் நாள் முழுக்க ஒரே பாரத்தைக் கொடுக்காதே என்றார். அந்த இரண்டாவது பாதியை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மறந்துவிட்டோம்.

அதன்பிறகுதான் நாலேமுக்காலைத் தேடினேன். கடையில் ஒன்றுகூட இல்லை. விற்காத சாமான் என்று எல்லாவற்றையும் கழிவு விலைக்குத் தள்ளிவிட்டிருந்தேன். அவற்றை வாங்கிப் போனது கிர்ஸ்டன். பல் டாக்டர், உயரமான மனுசி, சனிக்கிழமைகளில் வந்து ஒன்றும் வாங்காமல் ஒரு மணித்தியாலம் நிற்பாவே, அவதான். அவ வீட்டுக்குப் போய் ஒன்றைத் திருப்பித் தரும்படி கேட்டேன்.

"வேகமான ரீலை வாங்கு வாங்கு என்று இத்தனை வருடம் என்னை விடவில்லை. இப்போது என்ன வந்தது உனக்கு?" என்றா.

மகனுக்கு என்றேன். கை பற்றியும் சொன்னேன். உன் கையைப் பற்றி இந்த ஊரில் நான் வாய் திறந்து சொன்ன முதல் ஆள் அவதான். அதை அவ பெரிதாக எடுத்துக்கொள்ளவேயில்லை. "கிழமை முழுக்க நான் இந்தக் கையால் ஆட்களின் பல்லைப் பிடுங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் கையை வருத்த எனக்கு என்ன பைத்தியமா? அதனால்தான் மெதுவான ரீல்" என்றா. கூச்சமும் இல்லை, மறைப்பும் இல்லை. பாவித்த ரீலுக்கு விலை கேட்டால் குறைத்துப் பேசலாம் என்று நான் காத்திருந்தேன். அவ காசு கேட்கவில்லை, அம்மாவின் ஆட்டிறைச்சி றோல்ஸ் ஒரு பெரிய சட்டி நிறையக் கேட்டா. அம்மா ஒரு முழுப் பின்னேரம் உருட்டிப் பொரித்தா. வாழ்க்கையில் முதன்முறையாக வியாபாரத்தில் நான் தோற்றேன் என்று அம்மா சொல்லிச் சிரிக்கிறா.

நேற்று அதை எடுத்துக்கொண்டு நான் தனியே ஏரிக்குப் போனேன். அதே மரமீன், அதே இடம். உண்மையைச் சொல்கிறேன், முதல் அரை மணித்தியாலம் எரிச்சலாக இருந்தது. எவ்வளவு சுற்றினாலும் போதாததுபோல இருந்தது. பிறகு கை தன் பாட்டில் பழகிவிட்டது. மரமீன் ஆழத்திலேயே ஒரே சீராக வந்தது. பின்னேரம் வீடு திரும்பி, இந்த வயதுக் கையால் கோப்பியை ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மீன் படகை நோக்கி ஓடி வந்தால் இந்த ரீலால் நூலை உடனே சுருட்ட முடியாது. அப்போது தடியைப் பக்கத்துக்கு வீசி இழுத்து நூலை விறைப்பாக வைத்திரு. உருளையை விளிம்புவரை நூலால் நிரப்பு. பாதி வெறுமையான வேகமான ரீலைவிட நிறைந்த மெதுவான ரீல் அதிகம் பின்னால் நிற்காது. பெட்டியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்கிறவனுக்கு இது தெரியாது. கைபிடியை நான் மாற்றியிருக்கிறேன், நீளமானது. அதன் முனைக் கட்டைகளும் பெரியவை, உள்ளங்கையால் பிடிக்கலாம். தடியால் வெட்டி வெட்டி இழுக்கும் பொய்மீன்களுக்கு வேகமான ரீல்தான் நல்லது என்று சிலர் உன்னிடம் சொல்வார்கள். அது சரி. நூல் தளரும் நேரத்தில் மட்டும்தான் அங்கே ரீலுக்கு வேலை. ஆனால் வெட்டி இழுப்பது முழுக்க மணிக்கட்டு. அதை மற்றவர்களுக்கு விடு. இடதுகையால் சுற்றும் ரீலை எடுக்கலாமே என்று நீ கேட்பாய். எடுத்தால் அந்தப் பெரிய தடியை நாள் முழுக்கத் தாங்குவது வலது கை. பாரம் இடம் மாறுமே தவிரக் குறையாது.

இனி, நீ ஏன் இதை விரும்பமாட்டாய் என்பதையும் நான் அறிவேன். ஜெசிந்தாவின் அப்பாவும் அவருடைய ஆட்களும் வேகமான ரீலோடு படகில் நிற்பார்கள். நீ இதை எடுத்த உடனே ஒருவன் கேட்பான், "என்ன மாப்பிள்ளை, கிழவன்ரை ரீல்?" அதற்கு நீ மறுமொழி சொல்ல வேண்டிவரும். வேகமான ரீலைக் கொண்டுபோனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். முதல் கிழமையோ இரண்டாம் கிழமையோ, விருந்தாளிகளுக்கு முன்னால் தடியைக் காலடியில் போட்டுவிட்டு நூலைக் கையால் இழுப்பாய். ரீல் இறுகிவிட்டது என்பாய். அவர் படகுக்காரர், என்னைப் போலவே அன்றிரவு அதைக் கழற்றிப் பார்ப்பார். அங்கே பல்லுக் கடிக்காது. அதற்குப் பிறகு அவர் உன் கையைப் பற்றி மட்டும் யோசிக்கமாட்டார், நாங்கள் வேறு என்னவெல்லாம் சொல்லாமல் விட்டோம் என்றும் யோசிப்பார். ஜெசிந்தாவும் யோசிப்பாள்.

என் கடையில் கீறல் விழுந்த சாமானை நான் எப்படி விற்பேன் என்று உனக்குத் தெரியும். கீறல் மேலே தெரியும்படிதான் மேசையில் வைப்பேன். வாங்குகிறவன் விரலை அதன்மேல் வைத்துத் தடவிப் பார்த்து, விலையைக் கேட்டு, சம்மதம் என்றால் கொண்டுபோவான். அப்படி விற்ற ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தூண்டில்முள் பெட்டிக்கும் பழைய தடிக்கும் இவ்வளவு நேர்மை பார்த்தவன், பெற்ற பிள்ளையை விசாரித்து வந்த இடத்தில் கையைப் பொக்கெற்றுக்குள் வைக்கச் சொன்னேன். உனக்கு எது குறை என்று நான் நினைத்தேனோ தெரியாது. பனியில் வழுக்கி விழுந்தவன் நீ. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நானே அவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மா வேண்டாம் என்றா. "அவன்ரை கை, அவன்ரை கலியாணம். அவன் கதைக்கட்டும்" என்றா. அவ சொன்னதுதான் சரி. முதலில் ஜெசிந்தாவிடம் சொல். அதன்பிறகு அவளுடைய அப்பாவிடம். கை முறிந்தது, தகடு இருக்கிறது, வேலை செய்யும், ஆனால் மெதுவான ரீலில்தான் செய்யும் என்று இந்த ஒழுங்கில் சொல். அவர் என்னைத் திட்டினால் திட்டட்டும். துறைமுகத்தில் வளர்ந்த பெடியன் என்று வாய்விட்டவன் நான்தானே. படகில் உனக்கு வேலை இல்லை என்றால் கரையில் கடை போடு, ரீல் விற்க உனக்குத் தெரியும். அவர்கள் கலியாணமே வேண்டாம் என்றால், புதன்கிழமைக்கு முன்னரே அது எங்களுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்குத் திரும்பி வர நீ கடல் தாண்ட வேண்டியிருக்காது, உன் அறையிலிருந்து கீழே இறங்கி வந்தால் போதும்.

வேகமான ரீல் அலுமாரியில் உன் பெயரோடு இருக்கும். அதை நான் யாருக்கும் விற்கமாட்டேன். எல்லாம் சொன்னபின்னும் அதுதான் வேண்டும் என்றால் எடுத்துக்கொண்டு போ, நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

இந்தப் பெட்டியில் ரீலுக்குக் கீழே துணியில் சுற்றிக் கடைப் பூட்டின் திறப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் பின்னேரப் பூசைக்குப் போகிறோம். பூசை முடிந்து கிர்ஸ்டன் வீட்டுக்கு மிச்ச றோல்ஸையும் கொண்டுபோக வேண்டும். வர நேரமாகும். அந்த நேரம் கனடாவில் பகல், அவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். கடையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். இலக்கத்தைச் சுற்றும் அந்தப் பழைய தொலைபேசி மேசையில் இருக்கிறது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஆறுதலாகக் கதை. கட்டணத்தைப் பற்றி யோசிக்காதே.

கனடா இலக்கம் நீளமானது. எந்தக் கையால் சுற்றினாலும் அங்கே மணி அடிக்கும்.

அப்பா